ஒலியின் வேகமும் நியூற்றனின் கணக்கும்

குளத்தின் அக்கரையிலே ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருக்க, இக்கரையிலே நின்று நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். துணி கல்லில் மோதுவது முதலிற் கண்ணுக்குத் தெரிகின்றது; மோதிய ஓசையோ, அவர் துணியை மீண்டும் தலைக்கு மேலே தூக்கும்போதுதான் நம் காதை வந்தடைகின்றது. மின்னலைக் கண்டபின் இடியோசைக்காகச் செவியைப் பொத்திக்கொள்ளும் சிறுவனும் இவ்வுண்மையை அறிவான். ஒலி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லக் காலம் எடுக்கின்றது என்பது எந்தக் கருவியின் துணையுமின்றி மனிதன் கண்டறிந்த செய்தியாகும். ஆனால் எவ்வளவு காலம் எடுக்கின்றது? ஏன் அவ்வளவு காலம் எடுக்கின்றது? இவ்விரு வினாக்களுள் முதலாவதற்கு ஓரளவு நம்பத்தக்க விடை 17ஆம் நூற்றாண்டிலே கிடைத்தது. இரண்டாவதற்கு நிறைவான விடை கிடைக்க 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்திலே நிகழ்ந்தவற்றை, சிறப்பாக ஐசாக் நியூற்றனின் பெயரோடு தொடர்புபட்ட ஒரு கணக்கின் கதையை, எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவன் ஒருவன் பௌதிகவியலைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943ஆம் ஆண்டிலே பொறுப்பேற்ற விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், பண்டைத் தமிழிசையை ஆராயக் கணிதத்தையும் ஒலியியலையும் துணைக்கொண்ட நூலாகும். அவ்வழி நமக்குப் புதியதன்று. அன்றியும், யான் இங்கு எடுத்துக்கொள்வது பௌதிகவியலை அன்று, அதன் வரலாற்றையே. ஆதாரங்கள் எவ்வாறு ஆளப்பட்டன, அதிகாரம் எவ்வாறு இயங்கியது என்பன வரலாற்று மாணவனுக்கு உரிய வினாக்களேயாம்.

ஒலி என்பது யாது? முரசின் தோல் அதிரும்போது அது தன்னை அடுத்துள்ள வளியை மாறிமாறி நெருக்கியும் தளர்த்தியும் விடுகின்றது. நெருக்குண்ட வளி தன் அயலிலுள்ள வளியை நெருக்குகின்றது. அது அதற்கு அப்பாலுள்ளதை நெருக்குகின்றது. இவ்வாறு நெருக்கமும் தளர்ச்சியும் கைமாறிச் செல்கின்றனவேயன்றி, முரசின் அருகிலிருந்த வளி நம் செவிவரை பயணம் செய்து வருவதில்லை. நெல் வயலிலே காற்று வீசும்போது அலை வயலின் ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புக்கு ஓடுகின்றது. கதிர்கள் நின்ற இடத்திலேயே நின்று அசைகின்றன. இதனைப் பண்டையோரும் ஒருவாறு உணர்ந்திருந்தனர். உரோமக் கட்டடக் கலைஞரான விற்றுருவியசு, அரங்குகளை அமைக்கும் முறையை விளக்குமிடத்து, நீரிலே கல் விழுந்தால் வட்டவட்டமாக அலை பரவுவது போலக் குரலும் பரவுகின்றது என எழுதினார்.

எனினும் வளியின்றி ஒலி செல்லுமா என்பது நெடுங்காலம் தீராத வினாவாகவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வெற்றிடத்தில் மணியை ஒலிக்கச்செய்து சோதித்த சிலர், ஓசை கேட்கின்றது எனக் கண்டு, ஒலிக்கு வளி தேவையில்லை என்று முடிவுகட்டினர். அவர்கள் அமைத்த வெற்றிடம் குறையுடையது என்பதும், மணியைத் தாங்கிய பாகங்களின் வழியாகவும் ஓசை வெளியேறக்கூடும் என்பதும் அப்போது போதிய கவனத்தைப் பெறவில்லை. 1660இல் றொபேட் போயில், றொபேட் ஹூக்கின் துணையுடன் அமைக்கப்பட்ட வளிப்பம்பியைக் கொண்டு இச்சோதனையைத் திருத்தமாகச் செய்தார். கண்ணாடிக் கலத்தினுள்ளே நூலொன்றிற் கட்டித் தொங்கவிடப்பட்ட கடிகாரத்தின் ஓசை, வளி அகற்றப்பட அகற்றப்பட மங்கி மறைந்தது. வளியே ஒலியைச் சுமந்து செல்கின்றது என்பது இதனால் உறுதியாயிற்று. அதே போயில்தான் வளிக்கு வில்லைப் போன்ற மீள்தன்மை உண்டு என்பதை வற்புறுத்தியவர். வளியின் கனவளவைப் பாதியாகக் குறைத்தால் அதன் அமுக்கம் இருமடங்காகும் என்ற அவருடைய விதி 1662இல் வெளியாயிற்று. நமது கதையிலே இவ்விதிக்கு முக்கியமான ஓர் இடமுண்டு.

ஒலியின் வேகத்தை அளக்கும் முயற்சி இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அளக்கும் முறை மிக எளியது. தொலைவிலே ஒரு பீரங்கியைச் சுடச்செய்து, தீப்பொறி தெரிந்த கணத்துக்கும் வெடியோசை கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை ஊசலின் ஆட்டத்தால் எண்ணுதல். பின்னர்த் தூரத்தை அந்நேரத்தால் வகுத்தல். ஒளி வந்துசேரும் நேரம் இங்கே புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. பிரான்சிலே மெர்சென் என்னும் துறவியும் கசென்டி என்னும் தத்துவஞானியும் 1630களில் இத்தகைய அளவீடுகளைச் செய்தனர். அவர்கள் பெற்ற எண்கள் உண்மையைவிட மிகக் கூடியன. ஆயினும் கசென்டியின் முயற்சியால் ஒரு பயன் விளைந்தது. உயர்ந்த சுருதியுடைய ஒலி தாழ்ந்த சுருதியுடைய ஒலியைவிட விரைந்து செல்லும் எனப் பண்டைக் கிரேக்கருட் சிலர் கருதினர். கசென்டி பீரங்கியையும் துப்பாக்கியையும் சுடச்செய்து, இரண்டின் ஓசையும் ஒரே வேகத்திற் செல்வதைக் காட்டினார். தொலைவிலுள்ள கோயிலிலிருந்து வரும் நாதசுரமும் தவிலும் தாளம் பிசகாமல் நம்மை வந்தடைவது இதனாலேயே.

இனி நியூற்றனிடம் வருவோம். 1687இல் வெளிவந்த அவருடைய பிரின்சிப்பியா, கோள்களின் இயக்கத்தை விளக்கிய நூலாகவே பெரிதும் பேசப்படுகின்றது. அதன் இரண்டாம் பாகத்திலே ஒலியைப் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. அதுவரை எவரும் செய்யாத ஒன்றை நியூற்றன் அங்கே செய்தார். ஒலியின் வேகத்தை அளப்பதற்குப் பதிலாக, வளியின் இயல்புகளிலிருந்து அதனைக் கணித்தறிய முற்பட்டார். வளி எவ்வளவுக்கு விறைப்பாக மீள்கின்றதோ அவ்வளவுக்கு அலை விரையும். எவ்வளவுக்குப் பாரமானதோ அவ்வளவுக்குத் தாமதிக்கும். எனவே வேகமானது அமுக்கத்தை அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம் என்பது அவர் கண்ட முடிபு. வளியின் மீள்தன்மைக்குப் போயிலின் விதியையே அவர் அடிப்படையாகக் கொண்டார். பாரமானியின் இரச உயரத்தையும் நீருக்கும் வளிக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தையும் கொண்டு கணித்தபோது, செக்கனுக்கு 968 அடி என்ற விடை கிடைத்தது. கேம்பிறிட்ஜிலுள்ள திரித்துவக் கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்திலே எதிரொலியை ஊசலோடு ஒப்பிட்டு அவர் தாமே சோதித்தும் பார்த்தார். அச்சோதனை தந்த பரந்த எல்லைகளுக்குள் அவருடைய எண் அடங்கியது. அன்றைய நிலையில் இது பெருஞ் சாதனையே என்பதில் ஐயமில்லை.

ஆனால் அளவீடுகள் திருந்தத் திருந்த நிலைமை மாறிற்று. எசெக்ஸ் மாகாணத்து அப்மின்ஸ்ரர் என்னும் ஊரின் மதகுருவான வில்லியம் டெர்ஹம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமது தேவாலயக் கோபுரத்தில் தொலைநோக்கியுடனும் கடிகாரத்துடனும் அமர்ந்து, ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள பிளாக்ஹீத் வெளியிலே சுடப்பட்ட பீரங்கிகளை அவதானித்தார். பொறி தெரிந்தபின் ஓசை வந்துசேர ஏறக்குறைய ஒரு நிமிடம் சென்றது. இத்தகைய பல அவதானங்களின் பயனாக அவர் கண்ட வேகம் செக்கனுக்கு 1,142 அடி. புகழ்பெற்ற வானியலாளரான பிளாம்ஸ்ரீட்டும் ஹேலியும் கண்ட எண்ணும் இதுவே. நியூற்றனின் கணக்கோ 1,000 அடியைக்கூட எட்டவில்லை. ஆறிலொரு பங்குக்கு அண்மையான இவ்வேறுபாட்டை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட இயலாது.

பிரின்சிப்பியாவின் இரண்டாம் பதிப்பு, ரோஜர் கோட்ஸ் என்னும் கணித அறிஞரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1713இல் வெளிவந்தது. அதிலே நியூற்றன் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். முதலாவதாக, நீர் வளியைவிட 850 மடங்கு அடர்த்தியானது என முன்னர்க் கொண்டிருந்ததை 870 மடங்கு என மாற்றினார். விடை 979 அடியாக உயர்ந்தது. இரண்டாவதாக, வளியின் துணிக்கைகள் திண்மமானவை என்றும், அவற்றின் ஊடாக ஒலி கணப்பொழுதிலே கடந்துவிடும் என்றும், எனவே துணிக்கைகளுக்கு இடைப்பட்ட வெளியைக் கடக்கும் நேரத்தை மட்டுமே கணக்கிட வேண்டும் என்றும் கூறினார். துணிக்கையின் விட்டத்துக்கு அவர் கொண்ட அளவின்படி ஒன்பதிலொரு பங்கு, அதாவது 109 அடி, கூடிற்று. விடை 1,088 ஆயிற்று. மூன்றாவதாக, வளியிலே கலந்துள்ள நீராவி ஒலியின் இயக்கத்திற் பங்குகொள்வதில்லை என்றும், பத்துப் பங்கு தூய வளிக்கு ஒரு பங்கு நீராவி உண்டு என்றும் கொண்டு, விடையை 21க்கு 20 என்ற விகிதத்திலே பெருக்கினார். முடிவாகக் கிடைத்த எண் 1,142. டெர்ஹமின் எண்ணுக்கு ஓரடி கூடவுமில்லை, ஓரடி குறையவுமில்லை.

துணிக்கைகளின் பருமனை அக்காலத்தில் எவரும் அளந்திலர். வளியிலே நீராவி பதினொன்றில் ஒரு பங்கு உண்டு என்பதற்கும் பரிசோதனைச் சான்று இல்லை. விடையை முன்னே வைத்துக்கொண்டு, அவ்விடை வரும்வரை எண்கள் தெரிந்தெடுக்கப்பட்டன என்பதைத் தவிர வேறு விளக்கம் காண்பது அரிது. நியூற்றனின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவரான றிச்சட் வெஸ்ற்போல், 1973இல் 'சயன்ஸ்' சஞ்சிகையிலே எழுதிய கட்டுரையொன்றில், இதனையும் இதனையொத்த வேறு இரு இடங்களையும் எடுத்துக்காட்டி, இரண்டாம் பதிப்பிலே நியூற்றன் தம் எண்களை வேண்டியவாறு பொருத்திக்கொண்டார் என நிறுவினார்.

நியூற்றனுக்காக ஒருவர் வாதிடலாம். புதியதொரு கொள்கை சிறு முரண்பாட்டினாலே தள்ளுண்டுவிடலாகாது. துணிக்கை, நீராவி ஆகிய கருதுகோள்கள் அக்காலத்து அறிவுக்கு முற்றிலும் ஒவ்வாதனவுமல்ல. இவ்வாதத்திலே நியாயம் உண்டு. ஆனால் கருதுகோளை முன்வைத்தல் வேறு. அக்கருதுகோளுக்கு வேண்டிய எண்ணை விடையிலிருந்தே பெற்றுக்கொண்டு, பின்னர் அவ்விடையையே கருதுகோளுக்குச் சான்றாகக் காட்டுதல் வேறு. டெர்ஹம் 1,100 அடி என அளந்திருந்தால் நீராவியின் பங்கு சற்றுக் குறைந்திருக்கும். 1,200 என அளந்திருந்தால் துணிக்கைகள் சற்றுப் பருத்திருக்கும். எந்த அளவீட்டாலும் பொய்யாக்கப்பட முடியாத கணக்கு எதனையும் மெய்ப்பிப்பதுமில்லை.

இதைவிட வியப்பானதொன்றும் உண்டு. இன்று நாம் அறிந்த அளவுகளின்படி, 10 பாகை செல்சியசு வெப்பநிலையுடைய வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 337 மீற்றர், அதாவது 1,107 அடி செல்லும். 1,142 அடி என்பது 28 பாகை அளவிலுள்ள வெப்பமான வளிக்கே பொருந்தும். இங்கிலாந்தின் குளிர்ந்த வானிலைக்கு டெர்ஹமின் எண் கூடுதலானதே. வெப்பநிலை ஒலியின் வேகத்தைப் பாதிக்கும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. கோடையிலும் மாரியிலும் வேகம் ஒன்றே என்பது அவர் கருத்து. ஆகவே நியூற்றன் எய்திய ஓரடியும் பிசகாத பொருத்தம், தானே திருத்தமற்றிருந்த ஓர் எண்ணோடு ஏற்பட்ட பொருத்தமாகும். பொருத்தத்தின் நுட்பம் உண்மையின் அளவுகோலன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

வெப்பநிலையின் பங்கு பின்னர்ச் சிறிது சிறிதாகத் துலங்கிற்று. 1738இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார் மொன்மார்த்திரக் குன்றுக்கும் மொன்லேரிக்கும் இடையே பீரங்கிகளைக் கொண்டு செய்த அளவீடு முந்தியவற்றைவிடத் திருத்தமானது. 1740இல் இத்தாலியரான பியாங்கோனி கோடையில் ஒலி விரைந்தும் மாரியில் தாமதித்தும் செல்வதைக் காட்டினார். தென் அமெரிக்காவுக்குச் சென்றிருந்த லா கொண்டமீன் என்னும் பிரெஞ்சு அறிஞர், குளிர்ந்த மலைநகரான கீற்றோவில் 1740இலும், வெப்பம் மிக்க கடற்கரை நகரான கயேனில் 1744இலும் அளந்து, பின்னையதில் வேகம் கூடுதலாக இருக்கக் கண்டார்.

கோட்பாட்டுத் துறையிலும் சிந்தனை ஓய்ந்துவிடவில்லை. ஓய்லரும் லக்ராஞ்சும் நியூற்றனைவிட மிக நுண்ணிய கணிதத்தால் ஒலியலையை ஆராய்ந்தனர். ஆயினும் அவர்களுக்கும் நியூற்றன் முதலிற் பெற்ற வாய்பாடே கிடைத்தது. குறைபாடும் அப்படியே நின்றது. குறை கணிதத்தில் இல்லை, வளியின் மீள்தன்மை பற்றிய எடுகோளிலேயே இருக்கக்கூடும் என லக்ராஞ்ச் ஐயுற்றார். அமுக்கம் அடர்த்தியோடு நேர்விகிதத்திற் கூடாமல் அதனினும் விரைவாகக் கூடுவதாயின் கணக்கு அளவீட்டுக்குப் பொருந்தும் என்பதையும் 1759ஆம் ஆண்டளவில் அவர் கண்டார். ஆனால் அமுக்கம் ஏன் அவ்வாறு கூடவேண்டும் என்பதற்கு அவரிடம் காரணம் இருக்கவில்லை. காரணமின்றி எண்ணை மட்டும் பொருத்திவிட அவர் முனையவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்காரணத்தைக் கண்டவர் லாப்பிளாஸ். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் அது சூடேறுவதை அறிவர். வளியை விரைந்து நெருக்கினால் அது வெப்பமடைகின்றது. வெப்பமடைந்த வளி கூடுதலான அமுக்கத்தோடு எதிர்த்து உந்துகின்றது. போயில் தம் சோதனையில் வளியை மெதுவாக நெருக்கினார். உண்டான வெப்பம் கலத்தின் சுவர் வழியே வெளியேறிவிட நேரம் இருந்தது. ஒலியலையிலோ நெருக்கமும் தளர்ச்சியும் ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான முறை மாறுகின்றன. வெப்பம் அயலுக்குப் பரவ அங்கே அவகாசமில்லை. எனவே ஒலியைப் பொறுத்தமட்டில் வளி போயிலின் விதி கூறுவதைவிட விறைப்பானது. நியூற்றனின் பிழை முழுவதும் இவ்வொன்றிலேயே அடங்கியிருந்தது. லாப்பிளாசின் தூண்டுதலாலே பியோ என்பவர் 1802இல் இக்கருத்தை ஆராய்ந்தார். 1816இல் லாப்பிளாஸ் தாமே அதனைச் சுருக்கமான வாய்பாடாக வெளியிட்டார். மாறா அமுக்கத்தில் வளியின் தன்வெப்பம், மாறாக் கனவளவில் அதன் தன்வெப்பம் என இரண்டு உண்டு. முன்னையதைப் பின்னையதால் வகுத்து, வரும் விகிதத்தின் வர்க்கமூலத்தால் நியூற்றனின் விடையைப் பெருக்கவேண்டும் என்பதே அவ்வாய்பாடு.

அவ்விகிதத்துக்கு அப்போது கிடைத்த பரிசோதனை மதிப்பு 1.5. அதன்படி கணித்த வேகம் செக்கனுக்கு 345.9 மீற்றர், அளந்து கண்டதோ 337.2 மீற்றர். இம்முறை கணக்கு அளவீட்டை விஞ்சிவிட்டது. லாப்பிளாஸ் இவ்வேறுபாட்டை மறைக்க எக்கருதுகோளையும் புதிதாகப் புனையவில்லை. தன்வெப்ப அளவீடுகள் இன்னும் திருந்தவேண்டியவை எனக் கூறி, இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு அமைந்தார். திருத்தமும் வந்தது. கே-லுசாக்கும் வெல்ரரும் செய்த புதிய பரிசோதனைகள் விகிதத்தை 1.37 எனக் காட்டின. 1822ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவுகளிலே அரகோ, புரோணி, ஹம்போல்ட், கே-லுசாக் முதலியோர் வில்ஜுயிப்புக்கும் மொன்லேரிக்கும் இடையேயுள்ள ஏறத்தாழ 18.6 கிலோமீற்றர் தூரத்தில் மீண்டும் அளந்தனர். காற்றோட்டத்தின் தாக்கத்தை நீக்கும்பொருட்டு இரு முனைகளிலிருந்தும் பீரங்கிகள் சுடப்பட்டன. ஓசை கடந்துசெல்லச் சராசரியாக 54.6 செக்கன் எடுத்தது, வேகம் 340.9 மீற்றர். லாப்பிளாஸ் அடுத்து வெளியிட்ட கணக்கு ஏறத்தாழ 337 மீற்றர். இடைவெளி நூற்றுக்கு ஒரு பங்களவாகச் சுருங்கிற்று. இன்று ஏற்கப்படும் விகிதம் 1.40, அதனைக் கொண்டு கணித்தால் அவ்விடைவெளியும் மறைந்துவிடுகின்றது.

இதே ஆண்டுகளிலே தமிழ் மண்ணிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. சென்னை நுங்கம்பாக்கத்து வானியல் அவதான நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் கோல்டிங்காம், 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் புனித ஜோர்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஓசையை நிலையத்திலிருந்து அவதானித்தார். கோட்டை அங்கிருந்து ஏறத்தாழ 14,000 அடி தொலைவிலும், பரங்கிமலை ஏறத்தாழ 29,500 அடி தொலைவிலும் இருந்தன. ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, பாரமானியின் அளவு, வளியின் ஈரம், காற்றின் நிலை ஆகியன குறிக்கப்பட்டன. 1823இல் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டிலே அவர் வெளியிட்ட மாதவாரியான அட்டவணையில், மார்கழியளவில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,100 அடியாக இருந்த வேகம், யூலை மாதத்தில் 1,160 அடியையும் தாண்டியது. இவ்வளவு பெரிய ஏற்றத்தை வெப்பநிலை ஒன்றினாலே விளக்கிவிட இயலாது. பருவக்காற்றின் பங்கும் அதில் இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் மாதந்தோறும் வேறுபட்டு நின்ற எண்களைச் சமப்படுத்தி ஒரே எண்ணாக்கி மறைக்காமல், வேறுபட்டவாறே வரிசைப்படுத்தி வைத்தது அவ்வட்டவணையின் சிறப்பு. அதனாலேயே பின்வந்தோர் அதனைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்த முடிந்தது.

முடிவாக இரண்டு கருத்துக்களைக் கூறலாம். முதலாவது, நியூற்றனால் சரியான காரணத்தைக் கண்டிருக்க முடியாது என்பது. தன்வெப்பம் என்ற கருத்தே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் பிளாக்கின் ஆய்வுகளோடுதான் உருப்பெற்றது. தமக்குப்பின் அரை நூற்றாண்டு கழித்துத் தோன்றிய அறிவைக் கொண்டிராததற்காக எவரையும் குறைகூறல் வரலாற்று நெறியாகாது. லாப்பிளாசும் வெப்பத்தை ஒரு நுண்ணிய பாய்பொருளாகவே கருதினார். அக்கொள்கை அந்நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டது. அவருடைய வாய்பாடு மட்டும் நிலைத்து நிற்கின்றது. அறியாமை எக்காலத்துக்கும் உரியது.

இரண்டாவது, அறியாமையை அறியாமையாகவே விட்டுவைத்தலின் பயன். 979 என்பது நேர்மையான எண். 1,142இலிருந்து அது குறைந்து நின்ற அளவிலே, வளியைப் பற்றி இன்னும் அறியப்படாத ஏதோ ஒன்று உண்டு என்ற செய்தி பொதிந்திருந்தது. அச்செய்தியின் பெயர் வெப்பம் என்பது பின்னரே தெரியவந்தது. இடைவெளியை மூடிய நியூற்றன் அச்செய்தியின் மேல் மண்ணைப் போட்டார். மூடாது விட்ட லக்ராஞ்சும் லாப்பிளாசும் அதனைத் தோண்டியெடுக்க வழிசெய்தனர். மேதையின் பெயர் ஒரு கணக்குக்குப் புகழைத் தரலாம், சான்றைத் தரமாட்டாது. நமது ஆய்வுகளிலே சாசனத்துக்கும் இலக்கியத்துக்கும் இடையே, கொள்கைக்கும் ஆதாரத்துக்கும் இடையே, பொருந்தாத இடங்கள் எதிர்ப்படும்போதெல்லாம் திரித்துவக் கல்லூரித் தாழ்வாரத்து எதிரொலியை நாம் நினைவுகூர்தல் நன்று. பொருந்தாத இடத்தைப் பொருந்தாதது என்றே எழுதிவைத்தல், நமக்குப்பின் வருவோருக்கு நாம் செய்யும் உதவியாகும்.